இருட்டாக இருந்தால் ஆளில்லை

மைசூரில் நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் பராமரிப்பு என் பொறுப்பு. நான்காவது மாடியில், போன் பேசுவதற்கென்று சின்ன அறைகள் கட்டினோம். உள்ளே பேசுவது வெளியே கேட்காது, வெளிச்சத்தம் உள்ளே போகாது. கதவில் பால் நிற ஸ்டிக்கர். வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. பத்து நிமிடம் யாரும் அசையாவிட்டால் விளக்கும் ஏசியும் தாமாக அணையும். உள்ளே யாராவது அசைந்தாலோ கதவைத் திறந்தாலோ மறுபடி ஓடும். அதனால் செக்யூரிட்டிக்கு ஒரு விதி எழுதிக் கொடுத்தேன்: இருட்டாக இருந்தால் ஆளில்லை, திறக்க வேண்டாம். மின்சாரம் மிச்சமானது. பாராட்டினார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை என் மகளுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸுக்கு அழைத்து வந்து, பிடித்த அறையில் உட்காரச் சொல்லிவிட்டு ஜெனரேட்டரைப் பார்க்கப் போனேன். அதற்கு முன் அவளுக்கு இரண்டு வேலை கிடைக்காமல் போயிருந்தது. சரியாகச் சாப்பிடுவதில்லை.

பன்னிரண்டுக்கு முடிய வேண்டியது. ஒரு மணிக்கு மேலே போனால் எல்லா அறையும் இருட்டு. அவள் போனை எடுக்கவில்லை.

கீழே வந்து செக்யூரிட்டியைக் கேட்டேன்; தமிழ் பேசும் எல்லையோரக் கோபிநத்தத்துக்காரர். "பாப்பா கீழ எறங்கலீங்க மேடம். நான் கேட்லயேதான் இருக்கறன்."

"அப்போ மேலதான் இருக்கணும்."

"மேல எல்லாம் இருட்டுங்களே."

மொட்டை மாடிக்கு ஏறினேன். கதவு பூட்டியிருக்கவில்லை. கைப்பிடிச் சுவர் வரை போனேன். கீழே பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். பைக்குகள் நின்றன. மற்ற மூன்று பக்கமும் பார்த்தேன்.

இறங்கி வந்து, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி அந்த அறைகளைத் தாண்டி மூன்று முறை நடந்தேன். ஒன்றையும் திறக்கவில்லை. விதி என்னுடையது. நான்காவது முறை, கடைசி அறையில் விளக்கு எரிந்தது. மேஜையில் கவிழ்ந்திருந்தவள் தலையைத் தூக்கியிருந்தாள்.

"எத்தனை தடவைடி கூப்பிட்டேன்."

"கேக்கலம்மா. போனும் சைலன்ட்ல இருக்கு."

கேட்காது. அதற்குத்தான் கட்டியது.

"லைட் அணைஞ்சப்பவாவது வந்திருக்கலாமே."

"அணைஞ்சது நல்லா இருந்துச்சு."

இன்டர்வியூ பற்றி நான் கேட்கவில்லை.

இப்போது ரவுண்டில் இருட்டு அறைகளையும் திறக்கிறோம். விளக்கு எரிகிறது, ஏசி ஓடுகிறது, நாற்காலி காலியாக இருக்கிறது. நான்காவது மாடியில் மின்சாரம் ஏன் கூடியது என்று மேலிடத்தில் கேட்டார்கள். ஆள் இருக்கிறார்களா என்று பார்த்ததில் கூடியது என்று எழுதிக் கொடுத்தேன்.

வீட்டிலும் அவள் அறைக் கதவைத் திறக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிடுகிறாள்.

"இருக்கேம்மா."