செய்திமடலில் என் கால்கள்

அந்தப் படத்தில் முகத்தைவிட முதலில் கால்கள்தான் கண்ணில் படும். செருப்பில்லாத, புழுதி அப்பிய இரண்டு சின்னக் கால்கள். கால்கள் என்னுடையவை. புழுதி செயலாளர் ஐயாவின் ஏற்பாடு. ராணிப்பேட்டைக்கு வெளியே அவர் நடத்திய கிறிஸ்தவ ஊழியத்தின் விடுதியில்தான் நான் வளர்ந்தேன். வெளிநாட்டு ஆதரவாளர்களுக்கு அவர் ஆங்கிலத்தில் ஒரு செய்திமடல் அனுப்புவார். அதன் முதல் பக்கத்தில் வந்த படம் அது.

ஐயா சில மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். நினைவு இதழுக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி அவர் மகன் கேட்டார். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் மரியாதை. என்னிடம் அந்த நாலு வார்த்தை இல்லை. அதனால் அப்போது எழுதவில்லை. அந்த இதழ் கைக்கு வந்த பிறகு, எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்தார். அம்மா இறந்த பிறகு, ஷிஃப்ட் வேலையோடு என்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் விடுதியில் சேர்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தவர் கையில் கறுப்புத் தோல் ஷூ ஒரு ஜோடி இருந்தது. ஏற்றுமதிக்குப் போக வேண்டியது, தையல் கோணியதால் கழித்துவிட்டார்களாம். சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, கோணிய இடத்தைப் பிரித்து அவரே தைத்திருந்தார். விடுதியில் தோல் ஷூ வைத்திருந்தது நான் மட்டும்தான். அந்தத் திமிர் என் நடையிலேயே தெரிந்திருக்கும்.

அந்த வாரமே ஐயா கேமராவோடு வந்தார். முதலில் என் ரிப்பனை அவிழ்க்கச் சொன்னார். பிறகு முகத்துப் பவுடரை ஈரக் கைக்குட்டையால் அவரே துடைத்தார். கடைசியில் ஷூவைக் கழற்றச் சொல்லி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். மண்ணில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வரச் சொன்னார். சிரிக்கக் கூடாது என்றார். மனிதருக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. வெயில் தாழும்வரை பொறுமையாகக் காத்திருந்து, தரையோடு தரையாகக் குனிந்து, கால்கள் பெரிதாகத் தெரியும்படி எடுத்தார். அந்தப் பொறுமையை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவசரத்தில் செய்த காரியமாக இருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ.

இதழ் அச்சாகி வந்ததும் அதைச் சட்டம் போட்டு, பெற்றோர் உட்காரும் அறையிலேயே மாட்டினார். அடுத்த முறை வந்தபோது அப்பா அதைப் பார்த்துவிட்டார். கீழே எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னார். நான் எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னேன்: “இந்தச் சிறுமிக்குச் செருப்பு வாங்கித் தர யாருமில்லை.” அப்பா என் காலைப் பார்த்தார். ஷூ போட்டுக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

என்னையும் அழைத்துக்கொண்டு நேராக ஐயாவின் அறைக்குப் போனார். சண்டை போடவில்லை. கைகட்டி நின்று ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஐயா, அடுத்த புக்குல ஷூவோட ஒரு போட்டோ போடுங்கையா. நான் ஷூ கம்பெனியில வேலை செய்றவன்.”

ஐயா நாற்காலியை விட்டு எழவில்லை. “கால்ல ஷூ இருந்தா எவம்ப்பா ஜெபம் பண்ணுவான்? பொண்ணு படிக்கணுமா, வேணாமா?” என்றார்.

நான் படித்தேன். அப்பா அந்தப் பேச்சை அதன்பிறகு எடுக்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் படம் எடுக்கும் நாளில் நானே ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போய் நிற்பேன். இப்போது பள்ளி ஆசிரியை, சத்துவாச்சாரியில் சொந்த வீடு. இதெல்லாம் ஐயாவின் ஊழியத்தால் வந்தது என்பார்கள். அப்பா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதால் வந்தது என்பேன் நான்.

எழுத மறுத்த பிறகும் ஐயாவின் மகன் விடவில்லை. அந்தப் பழைய படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஆதரவாளர்களுக்கு ஊக்கமாக இருக்குமாம். பெரிய கேமரா, குடை விளக்கு எல்லாவற்றோடும் வீட்டுக்கே வந்துவிட்டார். துரத்தியிருப்பேன். அப்பாதான், “வரட்டும் விடும்மா” என்று தடுத்தார். ஹாலில் விளக்கை நிறுத்திக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே போனார். திரும்பி வந்தவர் காலில், கம்பெனியில் ஓய்வுபெறும்போது கொடுத்த ஷூ பளபளத்தது. மழை நாளில்கூடச் செருப்பை வாசற்படிக்கு உள்ளே கொண்டுவர விடாத மனிதர். அந்தக் காலோடு ஹால் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து, என்னையும் ஷூ போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

“எடுப்பா. கால் தெரியணும்,” என்றார்.

சரி அங்கிள், சரி அங்கிள் என்று அந்த மகன் நிறையப் படம் எடுத்தார்.

போன வாரம் இதழ் வந்தது. இடது பக்கத்தில் அந்தப் பழைய படம், பக்கம் முழுக்க, புழுதிக் கால்களோடு. வலது பக்கத்தில் நானும் அப்பாவும். இடுப்போடு வெட்டியிருந்தார்கள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே படத்துக்கு வந்தார்.

“மீதி எங்கம்மா?” என்றார்.