மாமரத்தடிக் கிடங்கு

ஒட்டுசுட்டான் பக்கம் குளம் என்றால் வயலுக்குத் தண்ணீர் தருவது. வீட்டு வளவுக்குள் ஒருவன் தன்பாட்டில் தோண்டும் கிடங்கைக் குளம் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கோடையில் கிணற்றடியில் தேங்கும் சவர்க்காரத் தண்ணீருக்கு மைனாக்கள் அடிபடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அவற்றுக்கு நல்ல தண்ணீர் வைக்கத்தான் மாமரத்தடியில் அலவாங்கைப் போட்டுத் தோண்டத் தொடங்கினேன்.

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணை, திரும்பவும் சண்டை தொடங்கப்போகுதோ? எங்களுக்கும் உள்ளுக்கை இடம் விடுங்கோ."

"உனக்கு இடமில்லை. நீ குறட்டை விடுவாய். போய் வேலையைப் பார்."

அவன் போன பிறகுதான் கிடங்கைச் சரியாகப் பார்த்தேன். நெஞ்சளவு ஆழம். செங்குத்தான சுவர். இறங்குவதற்குப் படி. ஷெல் துண்டு நேரே வராதபடி நடுவில் ஒரு வளைவு. குருவி தண்ணீர் குடிக்க எந்த மடையன் பங்கர் வெட்டுவான்? இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் பங்கர் வெட்டிய கை. அதற்கு வேறு கிடங்கு தெரியவில்லை.

மனைவி தேநீரோடு வந்தாள். விளிம்பில் நின்று உள்ளே பார்த்தாள். கோப்பையை மண்மேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். பின்னேரம் குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடி சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, அதை மூடிப்போடுங்கோ. அது கிடந்தா நான் பின்பக்கம் வரமாட்டன்."

"குருவிக்குத்தான் வெட்டினனான்."

"உதுக்குள்ள ஏதும் விழுந்தா எப்பிடி ஏறி வரும்?"

கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. மண்வெட்டியை எடுத்து மண்ணைத் திருப்பிப் போட்டேன். படி மறைந்தது, வளைவு மறைந்தது. முழங்காலளவு ஆழம் மிஞ்சியபோது நிறுத்தினேன். விழுந்தது ஏறி வந்தால் போதும்தானே. ஒரு பக்கத்தைக் கோழிக்குஞ்சும் நடந்து ஏறும்படி சரித்துவிட்டேன். கறுப்புப் பொலித்தீன் விரித்து, மேலே கல்லும் மண்ணும் பரப்பி, தண்ணீர் இறைத்தேன். நுளம்பு பெருகாமலிருக்க வாய்க்காலில் பிடித்த சின்ன மீன்களை விட்டேன்.

முதலில் வந்தது தவளை. யார் சொல்லி வந்ததோ தெரியாது. பிறகு தும்பி, மைனா, செண்பகம். மனைவி மட்டும் வரவில்லை. உடுப்புக் காயப்போடவும் முன்பக்கம் கொடி கட்டிக்கொண்டாள். எனக்குக் கத்தத் தெரியும், ஆறுதல் சொல்லத் தெரியாது.

ஒரு காலை நான் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். மாங்கொப்பிலிருந்து ஒரு அணில் தவறித் தண்ணீருக்குள் விழுந்தது. ஓட எடுத்த காலை நிறுத்தினேன். குசினி வாசலில் அவள் அதையே பார்த்தபடி நின்றாள். அணில் தத்தளித்துச் சரிவுப் பக்கம் வந்தது. கல்லைப் பிடித்தது, வழுக்கியது, மறுபடி பிடித்து ஏறியது. நனைந்த உடம்போடு அங்கேயே குந்தியிருந்தது.

அவள் செருப்பும் போடாமல் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"சும்மா நில்லுங்கோ," என்றாள். "அது மூச்சு வாங்குது."