பெயின்ட் படாத பட்டாளம்

என் அக்கா ரீத்தாவைக் கட்டிக்கொண்டவர் இன்னாசி மாமா. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட மாட்டார். இத்தனை நல்ல மனிதர் ஒரு குடும்பத்தை எப்படிச் சுரண்டினார் என்று யாராவது கேட்டால், விரல் நீளம்கூட இல்லாத ஈயச் சிப்பாய்களைத்தான் காட்ட வேண்டும்.

பூசை முடிந்ததும் புதுச்சேரிக்கு பஸ் ஏறிவிடுவார். அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் வீட்டுப் பழைய சாமான்கள் நடைபாதைக்கு வரும். அந்தக் குவியலைக் கிளறிக் கிளறி பொம்மைச் சிப்பாய்களைப் பொறுக்குவார். துப்பாக்கி பிடித்தவன், குதிரைமேல் உட்கார்ந்தவன், கொடி தூக்கியவன், குண்டடிபட்டு விழுந்து கிடப்பவன் என்று ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்தார்கள். இரண்டு அறை வீட்டில் ஓர் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, என் அக்கா கைக்குழந்தையோடு அடுப்படியில் படுத்தாள்.

"இன்னா மாமா இது, சின்னப் பசங்க மாதிரி?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"உனக்கு இன்னாடா தெரியும் டேவிட்டு? வெள்ளக்காரன் தேடிகினு கெடக்கிற சரக்கு இது. ஒருநாள் இதெல்லாம் வித்து உங்கக்காவ ராணியாட்டம் வெக்கிறனா இல்லியா, பாரு."

இந்தச் சொல்லை அவர் எல்லோரிடமும் சொன்னார். பங்குச் சாமியாரிடம் சொன்னார், ஆலையில் சொன்னார், அக்காவிடம் சண்டை வரும்போதெல்லாம் சொன்னார். வீட்டில் அவருக்கு இருந்த மரியாதையே அந்த ஒரு சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குக் கல்யாணத்தின்போது எங்கள் அம்மா போட்டனுப்பியது ஒரே ஒரு ஜோடி கல் கம்மல். அவள் மகன் ஜோஸ்வா பால் குடிக்கும் பிள்ளையாக இருந்தபோது அதன் திருகாணியில் மரை தேய்ந்துவிட்டது. "திருக்கோவிலூர் ஆசாரிகிட்ட குடுத்து சரிபண்ணிக்கினு வரேன்" என்று மாமா வாங்கிப்போனார். சாயங்காலம் புதுச்சேரி பஸ்ஸிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியோடு இறங்கினார். பெட்டிக்குள் ஒரு முழு பேண்டு வாத்தியக் கோஷ்டி, அட்டையோடு தைத்துக் கட்டிய நூல்கூட அறுபடாமல் வரிசையாக நின்றது.

"கம்மல் எங்க?" என்றாள் அக்கா.

"கம்மல் எப்ப வேணா வாங்கலாம் ரீத்தா. இது மறுபடி கெடைக்குமா?"

அக்கா சண்டை போடவில்லை. துடைப்பக்குச்சியை ஒடித்து இரண்டு காதிலும் செருகிக்கொண்டாள். அதற்கப்புறம் முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போனாள். அடுத்த வாரமே அந்த அட்டைப்பெட்டியைக் காணோம். மாமா வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். அந்த வாரம் வந்துபோன, கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை சவரிராயன்தான் கை வைத்திருப்பார் என்று முடிவு கட்டினார். அந்த மனிதர் சாகும்வரை மாமா அவர் முகத்தில் விழிக்கவில்லை. அடக்கத்துக்கும் போகவில்லை.

எங்கள் ஊரில் கிறிஸ்மஸ் குடில் போடுவதற்கு முன்னால் சுரூபங்களுக்குப் புது பெயின்ட் அடிப்பார்கள். சூசையப்பருக்குக் காவி, மாதாவுக்கு நீலம், மாட்டுக்கு வெள்ளை. போன வருஷத்து நிறத்தோடு பாலன் பிறந்தால் ஊருக்கே அவமானம். மாமாவின் சிப்பாய்களும் ஏரோது ராஜாவின் பட்டாளமாகக் குடிலைச் சுற்றி நிற்பார்கள். ஏரோதின் ஆட்கள் கையில் துப்பாக்கி ஏது என்று யாரும் கேட்டதில்லை. டிசம்பர் பிறந்தால் மாமா மெல்லிய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சட்டைக்குச் சிவப்பு, கத்திக்கு வெள்ளி, மீசைக்குக் கறுப்பு. ஒருவனையும் விட மாட்டார். வருஷா வருஷம் பூசிப் பூசிச் சிப்பாய்களுக்கு மூக்கே தெரியாமல் போயிற்று.

போன பொங்கலுக்கு ஜோஸ்வா தன் மனைவி ஷைனியோடு சென்னையிலிருந்து வந்திருந்தான். போனில் எதையோ பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தான். "அப்பா, இதே மாதிரி பொம்மைய ஆன்லைன்ல ஏலம் வுடுறாங்கப்பா. நம்புளுதும் போடலாம். நீங்க எல்லாத்தையும் எடுத்து ரெடியா வைங்க, அடுத்த மாசம் வந்து போட்டோ புடிக்கிறன்."

மாமா அடுப்படி வாசலில் போய் நின்றார். "பாத்தியா? அன்னிக்கே சொன்னனா இல்லியா?"

"வித்து வரட்டும்" என்றாள் அக்கா.

ரெடியாக வைப்பது என்றால் மாமாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். டப்பா டப்பாவாக பெயின்ட் வாங்கி, ஆயிரம் பேருக்கும் புதுச்சட்டை போட்டார். "பொண்ணு பாக்க வரப்ப அழுக்குப் பொடவையோடவா நிறுத்துவாங்க?" என்றார். ஜோஸ்வாவுக்கும் விவரம் போதாது. பளபளவென்று இருக்கிறதே என்று படம் பிடித்துப் போட்டுவிட்டான்.

ஏலம் முடிகிற நாளில் மாமா எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜோஸ்வாவின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். கேட்பாரே இல்லை. பழைய இரும்புக் கடைக்காரனாவது ஏதாவது ஒரு விலை கேட்டிருப்பான். பிரான்ஸிலிருந்து ஒருவர் மட்டும் இது கம்பெனி அடித்த பெயின்டா என்று கேட்டிருந்தார். வருஷா வருஷம் நாங்களே அடிப்போம் என்று ஜோஸ்வா பெருமையாகப் பதில் போட்டான். உடனே மறுபதில் வந்தது. ஜோஸ்வா அதை இரண்டு முறை படித்தான்.

"இன்னாடா சொல்றான்?"

"பழைய பெயின்டுக்குத்தான் மதிப்பாம்பா. அது மேல பூசினா வெறும் ஈயக்கட்டியாம். இவ்ளோ அருமையான சாமான இப்பிடிக் கெடுத்துட்டீங்களேன்னு கேக்குறாரு." அப்புறம் எரிச்சலோடு கேட்டான். "பூசாதது ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒருத்தனையும் நான் வுட்டுவெச்சதில்லியேடா" என்றார் மாமா. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் என் அக்கா அடுப்படியில் படுத்ததும் ஞாபகம் வந்தது.

அக்கா எழுந்துபோய்ப் பரணில் கையை விட்டாள். பழைய புடவையில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மாமாவின் முன்னால் வைத்தாள். பிரித்தால் அந்த அட்டைப்பெட்டி. நூல் அறுபடாமல், நிறம் மங்காமல், மூக்கும் முழியுமாக வாத்தியக்காரர்கள் நின்றார்கள்.

மாமா பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "சவரிராயன் எடுக்கலியா?"

"நான்தான் எடுத்து வெச்சன்."

"வூடு பூரா தேடினனேடி!"

"நானுந்தான் கம்மல தேடினன்."

அந்த ஒரு பெட்டியை ஏலத்தில் விட்டார்கள். போட்டி போட்டுக் கேட்டார்கள். கடைசியில் பிரான்ஸ்காரரே எடுத்தார். மற்ற சிப்பாய்களை யாரும் சீந்தவில்லை. மாமா அவர்களை டிரங்குப் பெட்டிகளில் போட்டு மூடிவிட்டார். அந்த அறைப்பக்கமே போவதில்லை.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் அந்த ஆள் நன்றி எழுதியிருந்தார். அன்று நானும் அங்கேதான் இருந்தேன். ஜோஸ்வா தமிழில் சொன்னான். "இத்தனை வருசமா இத இவ்ளோ பாசமா பாதுகாத்தவங்களுக்கு என் வணக்கத்த சொல்லுங்கன்னு எழுதியிருக்காருப்பா."

"உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார் மாமா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அந்த இறுக்கத்தைக் கலைக்க நினைத்தாளோ என்னவோ, ஷைனி என் அக்காவின் கையைப் பிடித்தாள். "அத்தை, இந்தப் பணம் உங்களுது. மொதல்ல ஒரு நல்ல கல் கம்மலா எடுத்துக்கங்க."

"யாருக்குடி கம்மலு?" என்று அக்கா சிரித்தாள். "குச்சிய புடுங்கிப் போட்டு எத்தினியோ வருசமாவுது. ஓட்டையே தூந்து போச்சு."

மாமா திரும்பி, அப்போதுதான் அவள் காதைப் பார்த்தார்.