கார் வேண்டாமென்ற அக்னெஸ்

மொன்றியலின் புறநகரான பியர்பொன்ட்ஸில் நடக்கிறவர்கள் இரண்டே வகை. நாய் வைத்திருப்பவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள். தெருமுனை டெப்பனர் கடைக்குப் பால் வாங்கக்கூடக் காரில் போகிற அக்னெஸ், மலையிலுள்ள சூசையப்பர் கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்துவிட்டாள். மகள் ஜென்சிக்கு மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது நேர்ந்தது அது. பிள்ளை பிழைத்து வீட்டுக்கும் வந்துவிட்டது. நேர்த்தியைத் தீர்க்காவிட்டால் கொடுத்ததைத் திருப்பி எடுத்துவிடுவாரோ என்று அவளுக்கு உள்ளூர நடுக்கம்.

"உன்ரை முழங்காலோடை ஏலுமே? நான் காரிலை கொண்டுபோய் விடுறன், வாசல்லை இருந்து நட," என்றார் கணவர் கிறகரி. துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். சில்லு உருளாமலும் ஓரிடத்துக்குப் போகலாம் என்பது அவருக்கு எப்போதோ மறந்துவிட்டது.

அவளுக்குத் துணிச்சல் வந்தது யப்பானால். சமைத்துக்கொண்டே யூடியூப் பார்க்கிறவளுக்கு ஒருநாள் பழைய யப்பானைப் பற்றிய படமொன்று அகப்பட்டது. ரயில் வருவதற்கு முந்திய காலம். பிரபுவைப் பல்லக்கில் தூக்கினார்கள். அவருக்கு முன்னும் பின்னும் வாள் கட்டிய வீரர்கள் நடந்தார்கள். வியாபாரி நடந்தான், துறவி நடந்தார். பார்வையில்லாத பாட்டுக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார்கள். வேலைக்காரர்கள் எசமானிடம் சொல்லாமலே பெரிய கோயிலைக் கும்பிடக் கிளம்பிவிட, வழியிலிருந்தவர்கள் சோறு போட்டார்கள். வைக்கோல் செருப்பு தேய்ந்து பிய்ந்தால் எறிந்துவிட்டு வழிக்கடையில் புதிது வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

அக்னெஸ் வாயில் கை வைத்தாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்ததே தெரியவில்லை. ஒரு நாடே நடந்திருக்கிறது! ஐயோ பாவம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டியவர்களும் நடந்துகொண்டுதானே இருந்தார்கள்!

ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில், விடிந்ததும் கிளம்பினாள். மொன்றியலில் பாவம் பார்க்க ஆளுக்கா பஞ்சம்? முதலில் பங்குக் கோயில் பாடகர் குழு கிறேஸ் காரை நிறுத்தினாள். "அக்கா, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" அக்னெஸ் சிரித்து அனுப்பிவைத்தாள். அடுத்து வந்தவர் அருமைநாதன், பங்குச் சபைத் தலைவர். அவர் இறங்கி வந்து கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டார்.

"ஏறும் பிள்ளை, ஏறும்."

பெரிய மனிதர் கதவைத் திறந்து பிடித்து நிற்க, மாட்டேன் என்று சொல்லி நம்மவர்களுக்குப் பழக்கமில்லை. ஏறிவிட்டாள்! சில சந்திகள் தாண்டிய பிறகுதான் செய்தது உறைத்தது.

"ஐயா, நிப்பாட்டுங்கோ!"

"என்ன பிள்ளை, வயித்தைப் பிரட்டிச் சத்தி வருதோ?"

"நேர்த்தி ஐயா. பேரனுக்கு. நடந்து வாறன் எண்டெல்லோ சொன்னனான்."

மனிதர் பதறிப்போய்க் காரை ஓரங்கட்டினார். "அப்ப திருப்பிக் கொண்டுபோய் ஏத்தின இடத்திலையே விடட்டே?"

அதில் பிழையொன்றும் இல்லைத்தான். சூசையப்பர் அப்படிக் கறார் பேசுகிறவருமல்ல. ஆனாலும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. "இல்லை ஐயா, நடக்கிறன்," என்று இறங்கினாள். ஏறிய இடம்வரை திரும்பி நடந்து, அங்கே நின்று மூச்சு வாங்கி, மறுபடி மலைப்பக்கம் திரும்பினாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்தாள்.

நடக்க நடக்க நகரம் பெரிதாகிக்கொண்டே போனது. எத்தனையோ வருடம் காரில் போய்வந்த தெருவில் ஏற்றம் இருப்பதைக் கால் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். ஆண்டவரே, உலகத்தை இவ்வளவு பெரிதாகவா படைத்தீர் என்று வியந்தாள். அந்த யப்பான் சனங்கள் மலையும் ஆறும் தாண்டி நாடு முழுவதும் இப்படித்தானே போனார்கள் என்று நினைக்க உடம்பு புல்லரித்தது.

வெயில் சாயும் நேரம் கோயில் படிக்கட்டின் அடியில் வந்து விழாத குறையாக உட்கார்ந்தாள். கிறகரியும் ஜென்சியும் பிள்ளையோடு அங்கே காத்திருந்தார்கள். ஜென்சி பிள்ளையைத் தன் தாயின் மடியில் வைத்தாள்.

அக்னெஸ் அதன் காலுறையைக் கழற்றினாள். இன்னும் நிலத்தில் படாத உள்ளங்கால். அதைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். பிள்ளை எட்டி உதைத்தது.

"இது நடக்கும், ஜென்சி," என்றாள். "நடக்குமடி."