கொன்ஸ்ரன்ஸின் மூன்றடித் தொட்டி

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் குடியிருக்கும் கொன்ஸ்ரன்ஸுக்கு மீன் என்றால் அப்படியொன்றும் உயிர் இல்லை. உயிரெல்லாம் தொட்டிமேல்தான். அதுவும் இரும்புச் சட்டம் போட்டு, பட்டிப் பசை அப்பிக் கண்ணாடி பதித்த அந்தக் காலத்துத் தொட்டி. பகலில் பல் வைத்தியரின் கிளினிக்கில் நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். மாலையில் பழைய இரும்புக் கடைகளைச் சல்லடை போட்டுத் தேடுவாள். துருவைச் சுரண்டி, காய்ந்த பட்டியைக் கிளறி எடுத்து, புதிது அப்பி, கறுப்புப் பெயின்ற் அடித்து முடித்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். தொட்டி சும்மா இருக்கக்கூடாதே என்றுதான் நாலு மீன்.

இந்தச் சந்தோஷத்துக்கு நேர் கீழே பாக்கியலெட்சுமி குடியிருந்தார். இடையில் இருப்பதோ வெறும் பலகைத் தளம். முன்பு ஒரு தொட்டி ஒழுகி அவருடைய கட்டில் தெப்பமாக நனைந்துவிட்டது. "இன்னொரு சொட்டு விழுந்துச்சுன்னா வீட்டுக்காரர்கிட்ட சொல்லி எல்லாத்தையும் தெருவுல வைப்பேன்" என்று அன்று சொன்னதுதான், பிறகு பேச்சே இல்லை. வீட்டுக்காரரும் அதைச் செய்யக்கூடிய ஆள்தான்.

அதனால், கொச்சிக்கடையில் இழுத்து மூடிய ஒரு சலூனிலிருந்து மூன்றடித் தொட்டி வந்தபோது, கொன்ஸ்ரன்ஸ் வாசற்படியில் வைத்துத்தான் வெள்ளோட்டம் பார்த்தாள். மூலையில் கசிந்தது. திரும்பப் பட்டி அப்பினாள். மறுபடியும் கசிந்தது. ஒருவழியாகக் கசிவு நின்றபிறகே மேலே ஏற்றி நிரப்பினாள். இந்த மாதிரித் தொட்டியில் நீரின் பாரம்தான் கண்ணாடியைப் பட்டியோடு அழுத்திப் பிடிக்கும். நிரப்பியதை வெறுமையாக்கினால் பிடி விட்டுப்போகும்.

அந்தக் கிழமையே நீர்வெட்டு. அறிவித்த நேரம் கடந்தும் குழாய் காற்றைத்தான் துப்பியது. கதவைத் தட்டியது யார் என்று பார்த்தால், இரண்டு வாளியோடு பாக்கியலெட்சுமி!

"மக புள்ளப் பெத்து வந்திருக்கா. பச்சப்புள்ள துணி அலசக்கூடத் தண்ணி இல்ல" என்றவரின் கண், மீன் இல்லாத மூன்றடித் தொட்டியில் நின்றது.

கொன்ஸ்ரன்ஸ் தொட்டியின் மூலையை விரலால் தடவினாள். "தாறன் அக்கா. ஆனா இதில தண்ணிய இறக்கினா, திரும்ப நிரப்பேக்க ஒழுகும். உங்கட கட்டில்லதான் விழும்."

பாக்கியலெட்சுமி வாளியை நீட்டினார். பச்சைப் பிள்ளைக்கு இல்லையென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? தொட்டி அடிவரை காலியானது.

அந்தியில் குழாய் இருமியபடி தண்ணீர் விட்டது. தொட்டியை வெறுமையாக விட்டால் பட்டி காய்ந்து, பட்ட பாடெல்லாம் வீண். கொன்ஸ்ரன்ஸ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஊற்றினாள். பாதிவரை ஒரு குறையும் இல்லை. அதற்குமேல் மூலை பளபளத்தது. துணி தேடி ஓடிவருவதற்குள் தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கிவிட்டது.

படியில் காலடி கேட்டது. தன் தொட்டிகள் தெருவில் வரிசையாக நிற்பது கண்ணுக்குள் வந்து, அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பாக்கியலெட்சுமி உள்ளே வந்து ஒரு வாளியைத் தரையில் வைத்தார். அதன் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது.

"நீங்க ஊத்துற சத்தம் கேட்டதுமே கட்டில நகத்திட்டு இத வச்சுட்டேன். இந்தாங்க, ஒங்க தண்ணி. இன்னும் ஊத்தப் போறீங்கன்னா சொல்லுங்க தங்கச்சி, வாளிய மறுபடி வைக்கணும்."