ஓட்டையைத் திருப்பிக் கொடுத்தவள்

ராசாத்தி பிறர் பொருளுக்கு ஆசைப்பட்டவள் அல்லள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் விரித்து வைத்திருக்கும் செய்தித்தாளைக்கூட எட்டிப் பார்க்க மாட்டாள். அடுத்த வீட்டு முருங்கை தன் சுவருக்கு இப்பால் காய்த்தால், பறித்து அப்பால் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவாள். அத்தகையவள் ஒரு மனிதரின் கத்தியை முனை முதல் பிடி வரை நகலெடுத்துவிட்டு, அதில் தவறிருக்கக்கூடும் என்றே நினைக்காமல் இருந்தாள் என்றால், அதற்கு அவள் பார்த்த உத்தியோகமே காரணம்.

ஓசூரில் வாகன உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றில் அவள் தரச் சோதனை பார்த்தாள். அங்கே வேதம் ஒன்றுதான்: சாம்பிள். பெரிய கம்பெனி ஒரு துண்டு இரும்பைக் கொடுத்து, ‘இதைப் போலவே’ என்று சொல்லும். அதைப் போலவே வந்தால் லாரியில் ஏறும். மயிரிழை விலகினாலும் சிவப்பு மை பூசிக்கொண்டு கழிவுத் தொட்டிக்குப் போகும். அச்சு அசலாக இருப்பதே நேர்மை, விலகுவதே குற்றம் என்பது ராசாத்தியின் எலும்பில் ஊறியிருந்தது.

ஒரு மாம்பழப் பருவத்தில், குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையோரம் கௌஸ் மொய்தீன் போட்டிருந்த கத்திக் கடையில் அவள் ஒரு கத்தி வாங்கினாள். வயிறு பெருத்து முதுகு நிமிர்ந்த கத்தி. முதுகையொட்டி, நடுவிலும் இல்லாமல் ஓரத்திலும் இல்லாமல், விரல்நுனி நுழையுமளவு ஓர் ஓட்டை. வீட்டுக்கு வந்து பெங்களூரா மாங்காயைச் சீவியபோது, கத்தி கொட்டையின்மேல் வளைந்து வழுக்கி இறங்கிய ஒயிலைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒரு கூடையை ஒரே மூச்சில் சீவித் தள்ளினாள். சீவ மாங்காய் தீர்ந்ததும் பூசணிக்காயைப் பிடித்தாள். அவள் கணவன் மாதப்பன் அந்த வாரம் முழுவதும் பூசணிக்காய்க் குழம்பு சாப்பிட்டான்.

அடுத்து அவள் செய்தது அவளுக்கு மூச்சு விடுவதைப் போல இயல்பானது. வெர்னியர் அளவுமானியை எடுத்துக் கத்தியை அளந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளியின் அனுமதியோடு பட்டறை மூலையில் உட்கார்ந்து, புது இரும்புப் பட்டையை வெட்டி, அரம் போட்டு, காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, கருவேலம்பிடி பூட்டினாள். ஓட்டையையும் விடவில்லை. அது ஏன் அங்கிருக்கிறது என்று தெரியாவிட்டாலும், சாம்பிளில் இருந்தது. ஆகவே டிரில் போட்டாள். கை பழகப் பழகக் கத்திகள் குவிந்தன. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் மகளிர் குழுவுக்குக் கிடைத்த மேசையில் பாதியை அவளுக்கே ஒதுக்கினார்கள்.

குழுத் தலைவி சௌமியா தொலைபேசியில் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் கவிழ்த்தது.

“அக்கா, மேசைக்கு முன்னால போர்டு வைக்கணும். ‘சொந்தக் கைவண்ணம், சொந்த வடிவமைப்பு’ன்னு எழுதிடட்டா?”

ராசாத்தி வாயைத் திறந்தாள். கை அவளுடையது. வண்ணம் அவளுடையது. வடிவமைப்பு என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது.

மறுநாளே மாதப்பனின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டு குருபரப்பள்ளிக்குப் புறப்பட்டாள். “பாய் வேணாம்னு சொல்லிட்டா என்னா பண்ணுவே?” என்று மாதப்பன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினான். “மேசையில பூசணிக்கா வைப்பேன்” என்றாள். வண்டி சற்று ஆடியது.

கௌஸ் மொய்தீன் கடையில் ஒரு கர்நாடக லாரி ஓட்டுநர் கன்னடத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை காத்திருந்து, ராசாத்தி தன் கத்தியை இரு கைகளாலும் நீட்டினாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை அவள் தொடங்குமுன், பாய் கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“சாணை புடிக்கணுமாம்மா? கூராத்தானே இருக்குது.” விரலால் பிடியைத் தடவினார். “அட, ரிவிட்டு எவ்ளோ சுத்தமா உக்காந்திருக்கு பாரு. இதை எப்ப போட்டேன்? அன்னிக்கு என் சம்சாரம் பிரியாணி பண்ணியிருக்கும்.”

மாதப்பன் தலையைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றான்.

“பாய், அது உங்களுது இல்ல. நான் பண்ணது. உங்க கத்தியப் பார்த்து.”

பாய் கத்தியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கத்தியைப் பார்த்தார். தம் கையெழுத்தைப் பிறர் போட்டுக் காட்டியதைப் பார்ப்பவர் முகம் அது.

“ஓட்டைகூடவா?”

“சாம்பிள்ல இருந்துச்சே பாய். இம்மியும் மாறாம அதே இடத்துல போட்டிருக்கேன்.”

பாய் தம் கடைக் கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன் அடுக்கினார். ஒன்றில் ஓட்டை முனையருகே இருந்தது. ஒன்றில் பிடியை முட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில் பாதி வட்டம் மட்டுமே மிஞ்சியிருந்தது. ராசாத்திக்கு வியர்த்தது. அவளுடைய பட்டறையாக இருந்தால் அத்தனைக்கும் சிவப்பு மைதான்.

“லாரி ஸ்பிரிங் பட்டையில கத்தி வெட்டறேன்மா. பட்டைக்கு நடுவுல போல்ட் ஓட்டை இருக்கும். வெட்டறப்ப எங்க வந்து வுழுதோ அங்கதான். நீ புது இரும்பு வாங்கி, அதுல வேலை மெனக்கெட்டு ஓட்டை போட்டியா?”

“ஆமாங்க பாய்.”

அவ்வளவுதான். பாய் முக்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாதப்பனும் தாங்க முடியாமல் சேர்ந்துகொண்டான். ராசாத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பதில் வேண்டும்.

“கிருஷ்ணகிரி கண்காட்சியில இதை வைக்கலாமா, கூடாதா? கூடாதுன்னா இப்பவே எல்லாத்தையும் உருக்கிடறேன்.”

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்த வளைவு இருக்குதே, மாங்கொட்டை எப்படி வளைஞ்சிருக்குதோ அப்படியே வளைச்சேன். அதுக்கு நீ மாங்கொட்டையத்தான் கேக்கணும். எடுத்துக்க.” பிறகு அவர் குரல் மாறியது. “ஆனா ஓட்டை வேணாம்மா. அது தானா வந்ததுதான். ஆனா கோலார்ல இருந்து வர்ற லாரிக்காரன்கூட என் பேரு தெரியாம ‘ஓட்டைக் கத்தி பாய்’னு கேட்டுக்கினு வர்றான். கடைக்குப் போர்டு கிடையாது. அதான் என் போர்டு.”

“சரிங்க பாய். எடுத்துடறேன்.”

“ஓட்டைய எப்படிம்மா எடுப்பே?”

திரும்பும் வழியில் மாதப்பன், “கண்காட்சி முடியட்டும், அப்புறம் யோசிக்கலாம்” என்றான். அவள் அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

பதில் பட்டறையில் கிடந்தது. பித்தளைக் கம்பியை அளவாக நறுக்கி, ஓட்டைக்குள் இறுக அழுத்தி, இருபுறமும் தேய்த்துச் சமன் செய்தாள். நகம் வைத்து வருடினாலும் விளிம்பு தட்டவில்லை. கறுத்த இரும்பில் பொட்டு வைத்ததுபோல் மஞ்சள் மின்னியது. அதைத் தூக்கிப் பார்த்தபோது, பெங்களூரா மாங்காய் சீவிய அன்றைய சிரிப்பு அவளுக்கு மறுபடியும் வந்தது. எந்தச் சாம்பிளோடும் ஒப்பிட முடியாத ஒன்றைக் கையில் வைத்திருப்பது அவளுக்குச் சற்றுக் கிறுகிறுப்பாகவும் இருந்தது.

கண்காட்சியன்று போர்டில் ‘சொந்தக் கைவண்ணம்’ மட்டும் இருந்தது. கூட்டத்துக்கு நடுவே தோளில் சாக்குப்பையோடு கௌஸ் மொய்தீன் வந்து நின்றதைப் பார்த்து ராசாத்தி நிமிர்ந்தாள். அவர் ஒரு கத்தியை எடுத்து, பித்தளைப் பொட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஓரமாக ஒதுங்கினார்.

“இந்தப் பொட்டு எதுக்கும்மா?” என்றார் பாரூரிலிருந்து வந்த ஒரு விவசாயி.

“அங்க ஒரு ஓட்டை இருந்துச்சுங்க. அது இந்த பாயோடது. அதான் அடைச்சுட்டேன்.”

கூட்டம் மொத்தமும் பாய் பக்கம் திரும்பியது. ஓட்டை எதற்கு என்று கேட்டது. பாய்க்கு இது பழகிய கேள்வி. விவசாயியிடம், காற்று புகுந்து துண்டு ஒட்டாமல் விழும் என்றார். ஓர் அம்மாளிடம், ஆணியில் மாட்டுவதற்கு என்றார். கைக்குழந்தையோடு வந்தவளிடம், கண்ணேறு அதன் வழியே வெளியே போய்விடும் என்றார். சொல்லிக்கொண்டே சாக்குப்பையை அவிழ்த்தார். உள்ளே ஓட்டைக் கத்திகள்.

“பாய், இது எங்க மேசை” என்றாள் ராசாத்தி.

“நான் மேசையத் தொடலையேம்மா. தரையிலதானே நிக்கறேன்.”

கைக்குழந்தைக்காரி இரண்டு கத்திகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “அதுல கண்ணேறு வெளிய போகும். சரி. உங்களுதுல அடைச்சிருக்கே, அது எதுக்கு?”

ராசாத்தி பாயைப் பார்த்தாள். பாய் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

“வெளிய போனது திரும்பி உள்ள வராம இருக்கறதுக்கு” என்றாள் ராசாத்தி.

பாயின் வாய் திறந்தபடி நின்றது. இத்தனை காலம் நெடுஞ்சாலையில் சொல்லி வந்த காரணங்களையெல்லாம் அவர் மனத்துக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

“இது என்கிட்ட இல்லாதது” என்றார். “இதைச் சொந்தம்னு போர்டுல எழுதிக்கம்மா.”

கைக்குழந்தைக்காரி இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு போனாள்.