வில்லங்கம் இல்லாத வயல்

ஊரார் நிலத்தையெல்லாம் தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வாடகை வீட்டுக்குத் திரும்புகிறவன்தான் பத்திர எழுத்தர். இதை நான் சொல்லவில்லை. என் மனைவி இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நிலம் வாங்கியோ விற்றோ அல்லல்பட்டவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இராது. நீடாமங்கலத்தில் டீக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் என் மேஜை. பம்பாய்க்கும் துபாய்க்கும் போனவர்கள் வயலை விற்க வரிசையாக வந்துகொண்டிருந்த காலம்.

நான்கெல்லை

ராமநாதன் பம்பாயில் இன்ஜினியர். அப்பா விட்டுப்போன மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் வயலை விற்று அங்கே ஃபிளாட் வாங்க வேண்டும். மூலப்பத்திரம், பட்டா, தன் பங்கை விட்டு அக்கா எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் எல்லாம் ஃபைலில் ஒழுங்காக இருந்தன.

“கிழக்கே யார் வயல் சார்? நான்கெல்லை எழுதணும்” என்றேன். அவர் மூலப்பத்திரத்தைப் பார்த்து நான்கு பெயர்களைப் படித்தார். நால்வரும் எப்போதோ காலமானவர்கள். இப்போது இருப்பவர்கள் யாரென்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வயலை ரயில்லேருந்து பார்த்திருக்கேன் சார். பச்சையா இருந்தது.”

சர்க்கார் சொன்னது

வாங்க வந்தவர் செல்வராஜ். பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரம் செய்தவர், மனை வியாபாரத்துக்கு மாறியிருந்தார். வில்லங்கச் சான்று வாங்கிவிடலாம் என்றேன். நிலத்தின்மேல் அடமானமோ வேறு விற்பனையோ பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும். பதிவாகாதது தெரியாது என்பதையும் சொன்னேன். அதை யாரும் காதில் வாங்குவதில்லை.

ஒன்றும் இல்லையென்று சான்று வந்தது. செல்வராஜ் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “வில்லங்கம் இல்லேன்னு சர்க்காரே எழுதிக் கொடுத்தாச்சு. இனிமே அது எங்கேருந்துங்க வரும்?”

நடந்தே வந்தது

மறுநாள் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து, முக்காட்டோடு ஆரோக்கியமேரி வந்தார். ராமநாதன் வயலுக்குக் கீழே அவருக்கு இரண்டு மா. அதற்கென்று வாய்க்கால் கிடையாது. மேல்வயலில் பாய்ந்த தண்ணீர்தான் வரப்பு மடை வழியே கீழே இறங்கும். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். எந்தக் காகிதத்திலும் இல்லை.

“மேல மண்ணடிச்சு மனை போட்டா என் வயல் காஞ்சுடும்ணே. இருக்கிறதே அதுதான். தண்ணி விடணும்னு பத்திரத்துல ஒரு வரி எழுதச் சொல்லுங்க.”

நியாயம்தான். கீழ்வயலுக்கு மாமூல் நீர்ப்பாய்ச்சல் பாத்தியம் உண்டு என்று பத்திர வரைவில் சேர்த்தேன். செல்வராஜ் படித்துவிட்டு, “மனைக்கு நடுவுல வாய்க்கா ஓடினா எவன் வாங்குவான்? அப்படி ஒரு உரிமையே கிடையாது, அடிச்சிடுங்க” என்றார். நான் ராமநாதனைப் பார்த்தேன். அவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். “அந்தம்மா விஷயம் இதுல எங்கேயுமே இல்லையே சார்.”

மடை

பதிவுக்கு முன் வயலை அளக்கப் போனோம். இரண்டு நாளாக ஐப்பசி மழை. மேல்வயலில் முழங்கால் தண்ணீர். அளக்க வந்தவர் கரையிலேயே நின்றுவிட்டார். ஒரு பக்கம் ரயில்பாதை மேடு, மறுபக்கம் ரோடு. தண்ணீர் வடிய ஆரோக்கியமேரியின் வயல் ஒன்றுதான் வழி. அவரோ மடையைச் சேறு வைத்து அடைத்துவிட்டு, மண்வெட்டியோடு வரப்பில் நின்றார்.

“என்னம்மா இது, திறந்து விடுங்க” என்றார் செல்வராஜ்.

“வர்ற தண்ணிக்கு உரிமை இல்லேன்னீங்களாமே. போற தண்ணிக்கு மட்டும் என் வயலா?”

செல்வராஜ் ரயில் மேட்டைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். அங்கே மனை வாங்குகிறவன் கூடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போட்டிருப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, “வர்றது, போறது ரெண்டையும் எழுதிடுங்க. அந்தம்மாவும் கையெழுத்துப் போடட்டும்” என்றார்.

“அப்ப மடையைத் திறக்கலாமே” என்றார் ராமநாதன்.

ஆரோக்கியமேரி மண்வெட்டியைத் தோளில் சாய்த்தார். “ரிஜிஸ்டர் ஆகட்டும் தம்பி. தண்ணி எங்கே போயிடப்போவுது?”

பத்திரம் பதிவாகி மடையும் திறந்த பிறகு, செல்வராஜ் அடித்த மனை நோட்டீஸில் முதல் வரியே “மனைகளின் நடுவே குளுகுளு வாய்க்கால்” என்றுதான் இருந்தது.